ஹிசாயே அம்மாவின் இரண்டு மாத்திரைகள்

கனாசாவா
2009 ஆகஸ்ட் 18

அன்புள்ள ரிட்சுகோ அண்ணிக்கு,

ஓபோன் முன்னோர் திருநாள் விடுமுறையின் கடைசி நாளில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று அண்ணன் சொன்னபோது, "இல்லாமலும் இருக்கலாம்" என்று நான் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தின் வண்ணப் படங்களை மேசையில் விரித்து, "நவம்பர்ல ஒரு அறை காலியாகுது, அக்டோபர் பாதிக்குள்ள பதில் சொல்லணும், சரிதானே?" என்று அவர் கேட்டபோது தலையாட்டினேன். இரவுச் சாப்பாடு முடிந்து, எண்ணெயில் பொரித்த டெம்புரா தட்டை எடுத்த கையோடு நீங்கள் அம்மாவின் உள்ளங்கையில் தூக்க மாத்திரையை வைத்தீர்கள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனதைப் பார்த்தேன். என்னை என் சித்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் "என்னம்மா" என்றுதான் பதில் சொன்னேன்.

மருந்துக் கடையில் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் "இதை இப்படிச் சாப்பிடாதீர்கள்" என்று சொல்கிறவள் நான். சொந்த வீட்டில் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். ரயிலில் வரும்போதுதான் புரிந்தது, அது பயம். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் உடுத்திவிடுவதும் நீங்கள். விடுமுறைக்கு வந்து போகிறவள், "உங்கள் வீட்டில் ஏதோ தப்பாக நடக்கிறது" என்று எந்த வாயால் சொல்வது?

அம்மாவின் மேசையில் இரண்டு கடைகளின் மருந்து உறைகளைப் பார்த்தேன். ஒன்று எலும்பு டாக்டர் ஹமகுச்சியின் வாசலுக்கு எதிரே இருக்கும் கடையினுடையது. தோள் இறுக்கத்துக்கு எட்டிசோலம், தினம் மூன்று வேளை. மற்றது பொது மருத்துவர் நிஷியோகாவின் வாசல் கடையினுடையது. தூக்கத்துக்குக் குவாசெபாம், படுக்கும் முன் ஒன்று. ஒரு கடைக்கு இன்னொரு கடையைப் பற்றித் தெரியாது என்றே நினைக்கிறேன். அம்மாவைப் பற்றி நமக்குத் தெரியுமே. ஒரு டாக்டரிடம் போய் இன்னொரு டாக்டரின் பெயரைச் சொல்வது அவருக்கு, ஒருவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுச் சமையலைப் புகழ்வது மாதிரி.

இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். எட்டிசோலத்தைக் கறாராகப் பார்த்தால் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்ல வேண்டும், ஆனால் வேலை அதேதான். மூளையில் நரம்புகளை "போதும், அடங்கு" என்று சொல்லும் ஒரு பொருள் இயல்பாகவே உண்டு. இந்த மருந்துகள் அதன் குரலைக் கொஞ்சம் உயர்த்திவிடுகின்றன. புதிதாக எதையும் பேசுவதில்லை. கல்லூரியில் முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு மரியாதையே வந்தது.

வேறுபடுவது குணத்தில். எட்டிசோலம் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். பதற்றத்தைத் தணிக்கும், தசையையும் தளர்த்தும். தோளை மட்டும் தளர்த்து, காலை விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல முடியாது. குவாசெபாம் நேர் எதிர். கல்லீரல் அதை உடைத்தால், உடைந்த துண்டும் மருந்தாகவே வேலை செய்யும். வயதானவர் உடலை விட்டு அந்தத் துண்டு வெளியேறப் பல நாள் ஆகும். நேற்றையது கிளம்புவதற்குள் இன்றையது வந்து உட்கார்ந்துவிடும். போதாததற்கு அதை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். வயிறு நிறைய உண்ட பிறகு கொடுத்தால் ரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும்.

அம்மாவின் தள்ளாட்டமும் மறதியும் இவற்றால் வந்தவையாக இருக்கலாம். நிச்சயம் என்று சொல்லவில்லை. ஆனால் இல்லத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் யாராவது ஒரு டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மிக முக்கியம்: எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அன்புடன்,
மடோகா


உவாஜிமா
ஆகஸ்ட் 27

மடோகா,

கடிதம் கிடைத்தது. மீன் அடை பொரிக்கும் கடையில் வேலை முடித்து நான் வருவதற்குள் உன் அண்ணன் உறையைக் கிழித்துப் படித்துவிட்டார். உன் அண்ணன் எந்தக் கடிதத்திலும் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை, அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஓகோ, மருந்துதான் எங்கம்மாவைக் கெடுக்குதா? அப்ப முடிஞ்சது கதை" என்று இரண்டு உறைகளையும் குப்பைப் பையில் போட்டுக் கட்டி, மறுநாள் காலை வண்டியில் அனுப்பியும் விட்டார்.

உன் கடைசிப் பக்கத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். "மருந்துக்காரங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்க, ரெண்டு நாள் பார்ப்போம்" என்றார். பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் உன் அம்மா நன்றாகவே இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் பேஸ்பால் இறுதி ஆட்டத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். யார் ஜெயித்தது என்று சாயங்காலம் கேட்டபோது சரியாகச் சொன்னார். ஆகவே நீ ஜெயித்தாய். சந்தோஷப்படு.

இனி என் பங்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்தான். உறையில் "படுக்கும் முன்" என்று இருந்தது. உன் அம்மா சாப்பிட்டதும் படுக்கிறவர். அப்படியானால் படுக்கும் முன் என்பது எப்போது, நீயே சொல். மருந்தை வாங்கி வந்ததெல்லாம் உன் அம்மாவேதான். கடைக்காரர் அவரிடம் என்ன சொன்னாரோ, அவர் எதை மறந்தாரோ. எட்டுப் பக்கம் எழுதி அதில் ஒரு வரியில் நான் விஷம் வைத்ததாகச் சொல்லாமல் சொல்லியிருக்கிறாய். அழகாக எழுதுகிறாய். படித்தவள்.

அன்று நீ தலையாட்டியதை நான் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நீ தபாலில் திருப்பி வாங்கிக்கொண்டாய்.

ரிட்சுகோ


கனாசாவா
செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணி,

சனிக்கிழமை தொலைபேசியில் நான் கத்தியதற்கு மன்னியுங்கள். உங்கள் கடிதத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்ற வரியைப் படித்த கையோடு தொலைபேசியை எடுத்தேன். "இப்பவே கூட்டிட்டுப் போங்க, இப்பவே" என்று எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன், "நல்லா இருக்கிறவங்களை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?" என்றார். நீங்கள் அவர் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி, "கைல ஒரு நடுக்கம் இருக்கு, காலையில இருந்து. தேநீர் சிந்துது. கிளம்பறேன்" என்றீர்கள். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். என்மேல் கோபம் தீராமலேயே கிளம்பினீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வலிப்பு வந்தது என்று அண்ணன் சொன்னார். வீட்டில், குளியல் தொட்டியில் வந்திருந்தால் என்று நினைக்கிறேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் சில நாள் ஏன் நன்றாக இருந்தார் என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எட்டிசோலம் மறுநாளே உடலை விட்டுப் போய்விட்டது. ஆனால் குவாசெபாமின் அந்தத் துண்டு உள்ளேயே இருந்து, போனவனுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அது மெல்ல வடிய வடிய, அளவு சரியாக வந்த ஒரு இடத்தில் அம்மா தெளிந்தார். நீங்கள் பார்த்தது பொய்யில்லை. அந்த இடத்திலேயே நிற்காமல் மேலும் வடிந்தது. அப்போதுதான் நடுக்கம்.

அங்கே கொடுத்த ஊசி டையாசெபாமாக இருக்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான். கொழுப்பில் எளிதாகக் கரையும், அதனால் மூளைக்குள் மிக வேகமாக நுழைந்து வலிப்பை நிறுத்தும். பிறகு உடலின் கொழுப்புக்குள் பரவிப்போய்விடும். நாள்கணக்கில் உள்ளே தங்குகிற மருந்துதான், ஆனால் ஒரு ஊசியின் பலன் சீக்கிரம் தணிந்துவிடும். இப்படிப்பட்ட முரண்களைப் பாடப் புத்தகத்தில் படித்து வியந்திருக்கிறேன். என் அம்மாவின் உடலில் படிக்க நேரும் என்று நினைக்கவில்லை.

வரட்டுமா? ஒரு வாரம் விடுப்புக் கிடைக்கும்.

மடோகா


உவாஜிமா
செப்டம்பர் 13

மடோகா,

வராதே. வந்தால் உனக்கும் சேர்த்து நான் சமைக்க வேண்டும்.

உன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மறுபடி வலிப்பு வரக்கூடாது என்று பழைய மருந்துகளையே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி சுவரைப் பிடித்து நடக்கிறார், மறுபடி உன் சித்தியைத் தேடுகிறார். சாப்பாட்டுக்கு முன்பே படுக்கையைப் போட்டுவைத்து, சாப்பிட்டதும் கட்டாயமாகத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்து, தூக்க மாத்திரையை மட்டும் இப்போது நேரம் கழித்துக் கொடுக்கிறேன். தூங்கி விழுகிறவரை உட்காரவைப்பது எப்படி என்று உன் புத்தகத்தில் இருக்கிறதா?

உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என் கண்ணைப் பார்ப்பதில்லை. கடலில் மீன் வளர்க்கும் தன் கூண்டுகளுக்குச் சீக்கிரமே போய்விடுகிறார். நேற்று தானாகவே குளியல் தொட்டியைத் தேய்த்தார். கல்யாணமான பிறகு முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் நல்ல பையன். "பாட்டி, யார் யார்கிட்ட மருந்து வாங்கறீங்க?" என்று குனிந்து கேட்டான். உன் அம்மா "நிஷியோகா டாக்டர் ஒருத்தர்தான்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். தன் பெயரே சரியாகச் சொல்லாத நேரத்தில் அதை மட்டும் சரியாக மறைத்தார்! நான் ஹமகுச்சி பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், என் கையை நகத்தால் கிள்ளினார். அந்தப் பையன் போன பிறகு நானே தாழ்வாரத்தில் போய்ச் சொன்னேன். "ரெண்டு டாக்டரும் ஒண்ணாப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். மாசக்கணக்காகும். பொறுமையா ஒருத்தர் கூடவே இருந்து பார்க்கணும்" என்றான். ஒருத்தர் என்றால் யார் என்று அவன் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சொன்னார்: "ஹமகுச்சி ஐயாவோட அப்பா காலத்துல இருந்து அங்க போறேன். அவர்கிட்டப் போய் இன்னொருத்தர் பேரைச் சொன்னே, இந்த வீட்டுல நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்."

இப்போது உன்னிடம் ஒன்று சொல்கிறேன். உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா என்னை "பொரிகடைப் பொண்ணு" என்று கூப்பிடுவார். என் பெயரைச் சொல்ல மாட்டார். நான் வைக்கும் சூப், நான் மடிக்கும் துணி, எனக்குப் பிள்ளை இல்லாதது, எல்லாம் விருந்தாளிகள் முன்னால் வரும். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும் ஒரு கதவு இருந்திருந்தால் சாத்தியிருப்பேன்.

போன இரண்டு வருடமாக அவர் மாறிவிட்டார். மெதுவாகப் பேசுகிறார். "ரிட்சுகோ-சான்" என்று மரியாதையாகப் பெயர் சொல்லி, "நன்றி" என்கிறார். முடி வாரிவிட்டால் கண்ணை மூடிச் சிரிக்கிறார். எனக்கு ஒரு மாமியார் கிடைத்தார் என்று நினைத்தேன். நீ எழுதிய பிறகு தெரிகிறது, எனக்குக் கிடைத்தது இரண்டு மாத்திரைகள்.

சரி, நீ சொல்வதுபோல எல்லாம் செய்கிறேன் என்று வை. ஹமகுச்சியிடம் போகிறேன், மாசக்கணக்காகக் கூடவே உட்காருகிறேன். கடைசியில் எனக்கு யார் கிடைப்பார்? பழைய அம்மாதானே? செய்யாவிட்டால் நவம்பரில் ஒரு நல்ல அறை, கடல் தெரியும் ஜன்னல். பதிலை உன் அழகான நடையில் எழுதாதே, நேராக எழுது.

ரிட்சுகோ


கனாசாவா
செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணி,

நேராக எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அம்மா தெளிந்தால் பழைய அம்மாவாகத்தான் தெளிவார். மருந்து யாரையும் நல்லவராக மாற்றுவதில்லை, குறைத்து வைக்கிறது. குறைத்து வைத்ததை எடுத்தால் முழுசாகத்தான் வரும். நாக்கும் சேர்ந்து.

நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தால் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். மனதுக்குள்ளும் சொல்ல மாட்டேன், முயற்சி செய்வேன். கதவைச் சாத்திக்கொண்டது உண்மை. உள்ளே எல்லாம் கேட்டது.

நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் கடைக்காரர் டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டும், அது எங்கள் தொழிலின் சட்டம். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. சின்னக் கடைப் பெண் கேட்டாலும் பெரிய டாக்டர் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தச் சீட்டு என் கடைக்கு வரவில்லையே. ஊர்விட்டு ஊர் நான் கூப்பிட்டால் ஹமகுச்சி டாக்டருக்கு அது மகளின் அதிகப்பிரசங்கமாகத்தான் கேட்கும். நேரில் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஒரு முதியவருக்கு லோராசெபாம் எடுத்துக் கொடுத்தேன். கல்லீரல் பழுதானவர். இந்தக் குடும்பத்தில் பலவற்றை உடம்பு பல படிகளில் உடைக்க வேண்டும், வயதானால் அந்தப் படிகள் தேய்ந்துபோகும். லோராசெபாமுக்கு ஒரே படிதான், அது முதுமையிலும் ஓரளவு வேலை செய்யும். பின்னால் இழுத்துக்கொண்டு வரும் துண்டும் கிடையாது. வந்த வேலையை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடும். உங்களை நினைத்தேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மருந்துகளைப் பற்றி எழுதினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடோகா


உவாஜிமா
அக்டோபர் 6

மடோகா,

போய்விட்டு வந்தேன்.

கடையில் ஒரு நாள் லீவு சொல்லி, உன் அம்மாவைப் பக்கத்து வீட்டு ஹருயோவிடம் விட்டுவிட்டுப் போனேன். ஹமகுச்சியின் இடம் உனக்குத் தெரியுமே, தோளில் ஒத்தடப் பை வைத்துக்கொண்டு ஊர்க் கிழங்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொருத்தராக "என்ன ரிட்சுகோ, உனக்கும் தோளா?" என்று கேட்டார்கள். "இல்ல, எனக்கு மாமியார்" என்றேன். சிரித்தார்கள்.

உள்ளே போனதும் அவர், "ஹிசாயே அம்மா வரலையா?" என்றார்.

"வரல டாக்டர். நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா பட்டினி கிடப்பாங்க."

"அப்படி என்ன ரகசியம்?"

தலை குனிந்து ஒரே மூச்சில் சொன்னேன். தூக்க மாத்திரை, நிஷியோகா, வலிப்பு. நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை வருஷமா அங்க போறாங்க?"

"ஆறு வருஷம் இருக்கும். தூக்க மாத்திரை ரெண்டு வருஷமா."

"என்கிட்ட, ராத்திரி நல்லாத் தூங்கறேன் ஐயான்னு சொல்வாங்களே!"

"அவர்கிட்ட, தோள் வலியே கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். உன் அம்மாவின் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு என் முன்னாலேயே தொலைபேசியை எடுத்து நிஷியோகாவைக் கூப்பிட்டார். "ஐயா, ஹமகுச்சி பேசறேன். நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே பெண்மணியைக் கவனிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். அந்தப் பக்கம் சத்தமாகச் சிரிப்பது எனக்கே கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது, இருவரும் மெல்லப் பேசினார்கள்.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தோளைத் தளர்த்தத்தான் கொடுத்தேன். நடையைப் பார்க்காம விட்டது என் தப்பு. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தே பேசிட்டுப் போவாங்க, எழுந்து நடக்கச் சொல்லி ஒரு நாளும் பார்க்கல." மடோகா, ஒரு டாக்டர் என்னிடம் தப்பு என்று சொன்னார். நான் பதிலுக்கு இன்னும் தாழக் குனிந்தேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏற்பாடு இதுதான். நீண்ட நாள் தங்கும் உன் குவாசெபாமை இப்போதைக்கு அப்படியே விடுவது. அது அடியில் தாங்கிக்கொண்டிருக்க, எட்டிசோலத்தை மத்தியான வேளையிலிருந்து துண்டு துண்டாகக் குறைப்பது. அது முழுக்கப் போன பிறகு குவாசெபாமைத் தொடுவது. நடுங்கினால் ஒரு படி பின்னால் போவது. எல்லாம் இனி நிஷியோகாவின் சீட்டில், ஒரே கடையில். உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "நான் நிஷியோகாகிட்ட அனுப்பினேன்னு சொல்லுங்க. என் சிபாரிசுன்னா அவங்களுக்குக் கௌரவம்" என்றார். அப்படியே சொன்னேன். உன் அம்மா, "பார்த்தியா, ஐயாவுக்கே என்மேல எவ்வளவு அக்கறை" என்றார்.

இல்லத்துக்குத் தொலைபேசி செய்து அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் அடுத்தவருக்குப் போகும் என்றார்கள். உன் அண்ணன் பக்கத்தில் நின்றார். ஏன் செய்தேன் என்று கேட்காதே. அன்று ஆஸ்பத்திரி வாசலில் வலிப்பு வந்து விழுந்தபோது உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் தெரியும்.

ரிட்சுகோ


கனாசாவா
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

குறைந்த நேரம் இருப்பதை முதலில் எடுத்து, நீண்ட நேரம் இருப்பதை அடியில் தாங்கவிடுவது. அந்த இருவரும் பேசி முடிவு செய்தது எவ்வளவு நேர்த்தியான யோசனை என்று நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவைக் கெடுத்த அதே குணம், மெதுவாகப் போகிற குணம், இப்போது அவரைத் தாங்குகிறது. ஒரு குணத்தை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது, எங்கே வைக்கிறோம் என்பதுதான் என்று தோன்றுகிறது. வேதிக் கட்டமைப்பில் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு சின்ன மாற்றம். அதனால் ஒன்று சில மணி நேரத்தில் போகிறது, இன்னொன்று நாள்கணக்கில் தங்குகிறது. இதைக் கண்டுபிடித்து, அளந்து, எதற்கு எது என்று பிரித்து வைத்த மனிதர்கள்மேல் எனக்கு இருக்கும் வியப்பு குறையவே இல்லை.

ஆனால் அது எல்லாம் தாளில் இருக்கிற திட்டம். மாத்திரையைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, அம்மாவின் கையைப் பார்த்து, தேநீர் சிந்துகிறதா என்று பார்க்கப்போவது நீங்கள். அதற்கு என் வியப்பை எப்படிச் சொல்வது? கடைக்கு வருபவர்களிடம் இப்போது தினமும் கேட்கிறேன்: "வேற டாக்டர்கிட்டயும் போறீங்களா? சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." போன வாரம் ஒரு பாட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூன்று பெயர் சொன்னார்.

மடோகா


உவாஜிமா
2010 பிப்ரவரி 21

மடோகா,

நாலு மாதமாக எழுதவில்லை, எழுதும்படி ஒன்றும் இல்லை. எட்டிசோலத்தின் கடைசித் துண்டுதான் பெரும்பாடு. அரிசி மணி அளவு மருந்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைப்பேன். உன் அம்மாவுக்கு வியர்த்துக்கொட்டும், அடுப்பில் மூடி விழுந்தால் அலறுவார், "வீட்டுல யாரோ இருக்காங்க" என்பார். இரண்டு தடவை ஒரு படி பின்னால் போனோம். இரண்டாம் தடவை நான் உட்கார்ந்து அழுதேன். உன் அண்ணன், "இல்லத்தை இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போமா?" என்றார். "வாயை மூடுங்க, போய் ஆரஞ்சு உரிச்சுக் கொடுங்க" என்றேன். கொடுத்தார். அம்மாவும் பிள்ளையும் கொட்டாட்சு சூட்டு மேசைக்கு அடியில் கால் நீட்டி, பேசாமல் ஒரு கூடை தின்று தீர்த்தார்கள்.

எட்டிசோலம் புத்தாண்டோடு போய்விட்டது. இப்போது குவாசெபாம் பாதி. சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். உன் சித்தி இறந்துவிட்டாள் என்று அவருக்கு நினைவு வந்தது, ஒரு நாள் முழுக்க அழுதார். அதைப் பற்றி நீ எச்சரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சோயா விழுது கரைத்த மிசோ சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஏம்மா பொரிகடைப் பொண்ணு, இதுல மிசோ எங்க? கடல்ல போய்த் தேடணுமா?"

உன் அண்ணன் சாப்ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. பிறகு திரும்பி வந்து, "தேடிப் பார்த்துட்டேன், உங்க நாக்குலதான் இருக்கு" என்றேன். இத்தனை வருடத்தில் நான் அவருக்குத் திருப்பிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் அம்மா என்னையே பார்த்தார். "அட" என்றார். மீதிச் சூப்பைக் குடித்துவிட்டார்.

ரிட்சுகோ


கனாசாவா
பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணி,

சித்தியை நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். நினைவு திரும்பினால் எல்லா நினைவும் திரும்பும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அந்த நாளில் அவர் பக்கத்தில் இருந்ததற்கு நன்றி.

என் வேலையில் ஒருவர் குணமானால் எங்களுக்குத் தெரியாது. அவர் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். யாரோ ஒருவர் திட்டியதைப் படித்து, குணமாகிவிட்டார் என்று நான் தெரிந்துகொண்டது இதுதான் முதல் முறை. கடையில் நின்றபடியே படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். என்னோடு வேலை செய்பவர், "நல்ல செய்தியா?" என்றார். "எங்கண்ணியை எங்கம்மா திட்டியிருக்காங்க" என்றேன்.

நீங்கள் செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் சின்னதாகிவிடும். உங்களைப் போல ஒருவரை நான் படித்த எதிலும் பார்த்ததில்லை என்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மடோகா


உவாஜிமா
ஜூன் 9

மடோகா,

என்னை ரொம்பப் புகழாதே, கடையில் எண்ணெய் கருகுகிறது.

போன மாதம் உன் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல உடை உடுத்தியிருந்தார்.

"தாட்சுவோ, அந்த இல்லத்து அறையை வேண்டாம்னு சொன்னது யாரு?"

உன் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

"எனக்கு இந்தப் பைத்தியம் தெளியணும்னு அலைஞ்சது யாரு? ஹமகுச்சி ஐயா நேத்து வழியில பார்த்து எல்லாம் சொல்லிட்டார். அந்த மனுஷன் முன்னாடி எனக்கு மானம் போச்சு."

"அதுவும் நான்தான். பட்டினி கிடக்கணும்னா இன்னிக்கே ஆரம்பிக்கலாம், மீன் வாங்கல."

உன் அம்மா உடையின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு உன் அண்ணனிடம் திரும்பி, "எனக்குத் தனியா ஒரு வீடு பாரு. நடந்து போற தூரத்துல" என்றார். உன் அண்ணன், "அம்மா, எதுக்கும்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று பதறினார். "நீ சும்மா இரு. இவ சமையலையும் என்னால சாப்பிட முடியல, இவளைத் திட்டறதையும் நிறுத்த முடியல. இவளுக்கு நான் செஞ்சதும் எனக்கு இவ செஞ்சதும் ஒரே வீட்டுக்குள்ள இருக்க முடியாது. நடுவுல ஒரு தெரு இருந்தா ரெண்டு பேரும் ஒழுங்கா மூச்சு விடலாம்."

மடோகா, நான் ஒரு மரியாதைக்குக்கூட மறுக்கவில்லை. "ஜன்னல் தெற்குப் பக்கம் இருக்கணும், உங்களுக்குக் குளிர் தாங்காது" என்றேன். "பார்த்தியா, மறுக்கவே இல்ல!" என்று உன் அண்ணனிடம் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள இரண்டறை வீட்டுக்கு அவர் குடிபோனார். தூக்க மாத்திரை கால்வாசி இன்னும் தொடர்கிறது, அதற்குக் கீழே வேண்டாம் என்று நிஷியோகா சொல்லிவிட்டார். நான் வியாழக்கிழமைகளில் உன் அம்மாவிடம் போகிறேன்.

ரிட்சுகோ